நாற்று சாயும் முன்

ஆடி மாதம் ஊரே மழை வேண்டி அம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, மிளகாய் நாற்று விட்டவர்கள் மட்டும் மழை இன்னும் பத்து நாள் தள்ளிப் போகட்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொள்வார்கள். வெளியே சொல்ல முடியாத வேண்டுதல் அது. திருவண்ணாமலையிலிருந்து செங்கம் செல்லும் சாலையில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. மல்லாட்டையும் நெல்லும்தான் அந்தப் பக்கத்தில் பெரும்பயிர்கள். மிளகாயை யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. கால் காணி, அரைக் காணி என்று கிணற்றை ஒட்டிய மண்ணில் ஓரமாக வைத்திருப்பார்கள். ஆனால் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் சீட்டுப் பணமும் பெரும்பாலும் அந்த ஓரத்திலிருந்துதான் வரும்.

இலக்கியம் பேசிக்கொண்டிருக்கும் நண்பர்களிடம் மிளகாய் நாற்றைப் பற்றிப் பேசுவதற்குக் கொஞ்சம் பொறுமை கேட்டுக்கொள்ள வேண்டும். இதை எழுதத் தூண்டியது ஒரு சொல். "எதிர்ப்புச் சக்தி" என்ற சொல். 2020இல் கபசுரக் குடிநீர் வீதிவீதியாக வழங்கப்பட்ட நாட்களில் இந்தச் சொல் தமிழில் பட்ட பாடு நினைவிருக்கும். பிஸ்கட் முதல் சோப்பு வரை எல்லாவற்றின் உறையிலும் அது ஏறிக்கொண்டது. இன்று அதைக் கேட்கும்போது ஒரு பொருளும் மனதில் எழுவதில்லை. ஒரு புட்டியில் அடைத்து விற்கப்படும் ஏதோ ஒன்று என்ற மங்கலான எண்ணம்தான் மிஞ்சுகிறது. அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள் இருக்க முடியும் என்பதை நான் ஓரளவு புரிந்துகொண்டது மிளகாய் நாற்றங்காலில்தான்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். விதைத்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். நாற்று விரல் உயரம் வந்து, இரண்டிலையைத் தாண்டி அடுத்த இலை விடப் பார்க்கும். முந்தின நாள் மாலை பார்த்துவிட்டுப் போயிருப்போம். காலையில் வந்தால் பாத்தியில் ஒரு தட்டு அளவுக்கு நாற்றுகள் படுத்துக் கிடக்கும். எடுத்துப் பார்த்தால் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் நீர் கோத்து, சூம்பி, நூல்போல் ஆகியிருக்கும். மேலே இலை பச்சையாகவே இருக்கும். யாரோ வேண்டுமென்றே கால்களை மட்டும் ஒடித்துப் போட்டதுபோல. மறுநாள் தட்டு முறமாகிவிடும். மூன்றாம் நாள் பாத்தி போய்விடும். நூல்களில் நாற்றழுகல் நோய் என்று இருக்கிறது. எங்கள் பக்கத்தில் "நாத்து சாயுது" என்பார்கள், அவ்வளவுதான்.

இதைச் செய்யும் உயிரிகளில் முக்கியமானதன் பெயர் பித்தியம் அஃபானிடெர்மேட்டம். பூஞ்சை என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். கண்டிப்பாகப் பார்த்தால் அது பூஞ்சை இனத்தைச் சேர்ந்ததல்ல. பூஞ்சையைப் போலவே இழை விட்டு வளரும், ஆனால் வம்சாவளியில் நீர்ப்பாசிகளுக்கு நெருக்கமானது. அந்தப் பூர்வீகத்தை அது மறக்கவில்லை. அதன் வித்துகளுக்கு வால்போன்ற இழைகள் உண்டு. மண்துகள்களுக்கு நடுவே மெல்லிய நீர்ப்படலம் இருந்தால் போதும், நீந்தி வேரைத் தேடி வந்துவிடும். ஆடி மழைக்கு நாங்கள் பயப்படுவதன் காரணம் இதுதான். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும்பஞ்சத்துக்கு வழிகோலிய பைட்டோப்தோரா இதற்கு உறவுமுறை. அந்த உறவில் மிளகாய்க்கென்றே பெயர் பெற்ற ஒன்றும் உண்டு: பைட்டோப்தோரா கேப்சிசி. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் மிளகாய்ச் செடிகளில் அதைக் கண்டு 1922இல் லியோனியன் என்பவர் பெயரிட்டார்.

இங்கே ஒரு சிறு விலகல். சங்கப் பாடல்களில் மிளகுக்குக் கறி என்று பெயர்; மிளகாய் கிடையவே கிடையாது. அது கொலம்பசுக்குப் பிறகு அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்தது. காரமாக இருந்ததால் மிளகின் பெயரோடு காயைச் சேர்த்து நாம் ஒரு பெயர் வைத்துக்கொண்டோம். ஸ்பானியர்களும் அதேபோல் மிளகின் பெயரைத்தான் திரித்து அதற்குச் சூட்டினார்கள். பெயர்க் கடன் பிறகு வேறு விதமாகத் திரும்பி வந்தது. கேரளத்திலும் குடகிலும் மிளகுக் கொடிகளைச் சில நாட்களிலேயே சாய்த்துவிடும் வாடல் நோயின் கிருமியை முதலில் வேறோர் இனத்தின் பெயரில்தான் குறித்திருந்தார்கள். 1980களில் அதை பைட்டோப்தோரா கேப்சிசியோடு சேர்த்தார்கள். மிளகிடம் பெயர் வாங்கிய மிளகாய், கடைசியில் மிளகின் எமனுக்குத் தன் பெயரைக் கொடுத்தது.

எங்கள் நிலத்துக்கு அடுத்த நிலத்துக்கார அக்கா ஒரே பருவத்தில் இரண்டு முறை நாற்று விட்டு இரண்டு முறையும் இழந்தார். மூன்றாம் முறை விதை வாங்கப் பணமில்லை. விலைக்கு நாற்று வாங்கி நட்டார், ஒரு மாதம் தள்ளி. மிளகாயில் ஒரு மாதம் தள்ளி நடுவது என்றால் எல்லோருடைய மிளகாயும் சந்தைக்கு வரும்போது நம்முடையதும் போய்ச் சேரும் என்று பொருள். அந்த ஆண்டு அவர் வட்டி கட்டியதோடு சரி.

இதற்கு மருந்து இல்லையா என்றால், இருக்கிறது. காப்பர் ஆக்சிகுளோரைடை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் கலந்து பாத்தியில் ஊற்றச் சொல்வார்கள். ஊற்றினால் பரவுவது குறையும். சாய்ந்தவை எழுந்திருக்காது. அக்கா ஒவ்வொரு முறையும் ஊற்றினார், சாய்ந்த பிறகு. சாய்வதற்கு முன்பு எதற்காக ஊற்ற வேண்டும்? சாயாத நாற்றுக்காகக் கடையில் கடன் சொல்லி மருந்து வாங்குவதை எந்த வீட்டில் ஒப்புக்கொள்வார்கள்?

ஒரு செடிக்கு முன்கூட்டியே நோயைத் தாங்கும் திறனைத் தூண்டிவிட முடியுமா என்ற கேள்விக்குக் கிட்டத்தட்ட நூறு வயது ஆகிறது. 1933இல் கென்னத் செஸ்டர் என்ற அமெரிக்கர், செடிகளும் நோயிலிருந்து பாடம் பெறுகின்றனவா என்பது பற்றி அதுவரை வந்திருந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். வெகுகாலம் அது ஒரு விநோத விஷயமாகவே இருந்தது. 1961இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ராஸ், புகையிலைச் செடியின் கீழ் இலைகளில் தேமல் வைரஸைத் தடவினார். சில நாள் கழித்து அதே செடியில், அதுவரை எதுவும் தொடாத மேல் இலைகளில் அதே வைரஸைத் தடவியபோது புண்கள் குறைவாகவும் சிறியனவாகவும் வந்தன. கீழ் இலை பட்டது மேல் இலைக்குத் தெரிந்திருக்கிறது. எப்படி? 1979இல் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டட் ஆய்வு நிலையத்தில் ஒயிட் என்பவர் புகையிலை இலைக்குள் ஆஸ்பிரினைச் செலுத்திப் பார்த்தார். ஆம், நாம் தலைவலிக்கு விழுங்கும் அதே ஆஸ்பிரின்தான். அந்த இலையிலும் வைரஸின் புண்கள் குறைந்தன. ஆஸ்பிரினின் தாய்ப்பொருளான சாலிசிலிக் அமிலத்தைச் செடிகள் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன என்பதும், அது அவற்றின் தற்காப்பில் ஒரு தூதுப்பொருள் என்பதும் பிறகு தெளிந்தன.

1991இல் கதை மண்ணுக்குள் இறங்கியது. ஹாலந்திலும் அமெரிக்காவின் அலபாமாவிலும் தனித்தனியே இரண்டு குழுக்கள், வேரோடு ஒட்டி வாழும் தீங்கற்ற பாக்டீரியாக்களே செடியின் மேற்பகுதிக்கு நோய் தாங்கும் திறனை அளிப்பதைக் காட்டின. அலபாமாவில் வெள்ளரி விதையில் பாக்டீரியாவைப் பூசி முளைக்கவிட்டு, இலையில் நோய்ப் பூஞ்சையைத் தெளித்தார்கள். பாக்டீரியா இருந்த இடம் வேர். பூஞ்சை விழுந்த இடம் இலை. இரண்டும் சந்திக்கவே இல்லை. ஆகவே பாக்டீரியா பூஞ்சையைக் கொன்றது என்று சொல்ல வழியில்லை. செடிதான் ஏதோ செய்திருக்கிறது. எளிமையான இந்த ஏற்பாட்டில் உள்ள அழகை என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை.

அதே பத்தாண்டில் கோயம்புத்தூரில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இந்த வகைப் பாக்டீரியா ஒன்றை வயலுக்குக் கொண்டுவரும் வேலை நடந்தது. சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் என்பது அதன் பெயர். புற ஊதா ஒளியில் அதன் வளர்ப்பு மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிர்வதால் வந்த பெயர். மண்ணில் அரிதாகக் கிடைக்கும் இரும்பைக் கவ்விப் பிடிக்க அது சுரக்கும் ஒரு பொருள்தான் அப்படி ஒளிர்கிறது. வித்யாசேகரனும் முத்தமிழனும் இந்தப் பாக்டீரியாவை மாக்கல் பொடியில் கலந்து உயிரோடு வைத்திருக்கும் முறையை, கொண்டைக்கடலை வாடல் நோய்க்காக 1995இல் வெளியிட்டார்கள். நாம் முகத்துக்குப் பூசும் பவுடரும் அதே மாக்கல்தான். 2002இல் ராமமூர்த்தி, ராகுசந்தர், சாமியப்பன் ஆகிய மூவர், விதை நேர்த்தியின் மூலம் தக்காளியிலும் மிளகாயிலும் பித்தியத்துக்கு எதிரான திறன் கூடுவதை ஓர் ஐரோப்பிய ஆய்விதழில் எழுதினார்கள். பிஎஃப்1 என்ற குறிப்பெயர் கொண்ட பாக்டீரியா வகை அவர்களுடைய சோதனையில் முன்னால் நின்றது.

அவர்கள் கண்டது இரண்டு. ஒன்று, அந்த பாக்டீரியா பித்தியத்தின் வளர்ச்சியை நேரடியாகவே தடுக்கிறது. இன்னொன்று, பாக்டீரியா பூசிய நாற்றைப் பித்தியம் தாக்கும்போது நாற்றுக்குள் சில நொதிகளும் பீனால் பொருட்களும் மற்ற நாற்றுகளைவிட அதிகமாகச் சேர்கின்றன. இந்த நொதிகளில் ஒன்றை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கத்திரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போடாமல் வைத்தால் கறுத்துப்போகிறதல்லவா, அதைச் செய்வது பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி. காயம்பட்ட இடத்தில் பீனால்களைக் கிருமிக்கு ஒவ்வாத கறுப்புப் பொருளாக மாற்றும் வேலை அது. கத்திரியும் மிளகாயும் ஒரே குடும்பம். நம் அருவாமணைக்கு எதிராக அந்தக் காய் எடுக்கும் கடைசித் தற்காப்பைத்தான் நாம் சமையலறையில் தினமும் தண்ணீர் ஊற்றி அடக்கிக்கொண்டிருக்கிறோம்.

என் நண்பர் ஒருவர், நல்ல வாசகர், இதைக் கேட்டதும் "அப்படியென்றால் செடிக்கு நினைவு இருக்கிறது, அது விழிப்புற்ற உயிர்" என்று உணர்ச்சிவசப்பட்டார். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. கவிதைக்கு அது உதவலாம், செடிக்கு உதவாது. செடிக்கு நம்மைப்போல் இரத்தத்தில் சுற்றிவரும் காவல் அணுக்கள் இல்லை, எதிர்ப்பொருள் இல்லை. ஒவ்வோர் உயிரணுவும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். ஆகவே தடுப்பூசி என்ற உவமையும் பாதிதான் பொருந்தும். வேறோர் உவமை எனக்குச் சரியாகப் படுகிறது. பக்கத்து ஊரில் திருட்டு நடந்த வாரத்தில் நம் ஊரில் ஒரு நாய் குரைத்தால் என்ன ஆகும்? எல்லா வீட்டிலும் விளக்கு எரியும். மற்ற நாட்களிலும் அதே நாய் அதேபோல்தான் குரைக்கிறது, யாரும் புரண்டுகூடப் படுப்பதில்லை. கதவு புதிதில்லை, தடி புதிதில்லை, ஆட்களும் பழைய ஆட்களே. எழுந்துகொள்ளும் வேகம் மட்டும் மாறியிருக்கிறது. வேரில் வந்து தங்கிய தீங்கற்ற அந்நியனால் நாற்றுக்கு நடப்பதும் ஏறக்குறைய இதுதான். பித்தியம் தண்டைத் துளைப்பதற்கும் நாற்று தன் சுவரைக் கெட்டிப்படுத்துவதற்கும் இடையே நடப்பது ஒரு பந்தயம். நாற்று சில மணி நேரம் முந்திக்கொண்டால் பிழைக்கும்.

ஏன் எப்போதுமே விழித்திருக்கக் கூடாது? இரவெல்லாம் விழித்திருக்கும் ஊர் பகலில் ஏர் பிடிக்காது. தற்காப்பை ஓயாமல் இயக்கிக்கொண்டிருக்கும் செடி வளர்ச்சி குன்றிப்போகிறது. விளிம்பில் தயாராக நிற்பதற்கான செலவு அதைவிட மிகக் குறைவு என்பதை அராபிடாப்சிஸ் என்ற சிறு களைச்செடியை வைத்து 2006இல் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

அக்காவின் பாத்திகளுக்கு வருகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவரிடம் கேட்டுக்கொண்டு, ஒரே விதையை இரண்டு மேட்டுப்பாத்திகளில் விட்டோம். ஒரு பாத்தி விதைக்கு மட்டும் சூடோமோனாஸ். ஒரு கிலோ விதைக்கு பத்து கிராம் என்பது கணக்கு. எங்களிடம் இருந்தது நூறு கிராம் விதை, ஆகவே ஒரு கிராம் பொடி, ஒரு சிட்டிகைக்குக் கொஞ்சம் மேல். ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் புரட்டி நிழலில் உலர்த்தினோம். அக்கா முறத்தில் வெள்ளை வெள்ளையாகக் கிடந்த விதையைப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, பவுடர் போட்டு பொண்ணு பாக்க அனுப்பறியா?" என்றார்.

பொடி வாங்கியதே ஒரு கதை. நகரத்தில் ஒரு கடையில் கேட்டபோது தகரக் கூரைக்குக் கீழே, பூச்சிமருந்து டப்பாக்களுக்கு மேலே கிடந்த பொட்டலத்தைத் தூசி தட்டிக் கொடுத்தார்கள். சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. பொட்டலத்தில் இருப்பது உயிர். காலாவதித் தேதி அச்சிட்டிருப்பது அதற்காகத்தான். தேதி தாண்டியிருந்தது. "பவுடர்தானே சார், கெட்டா போயிடும்?" என்றார் கடைக்காரர். செத்த பாக்டீரியாவை நல்ல மாக்கல் பொடியோடு காசு கொடுத்து வாங்கிப் பூசி, பலனில்லை என்று எத்தனை பேர் கைவிட்டிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே வேறிடத்தில் புதிதாக வாங்கினேன். வாழவச்சனூரில் 2014 முதல் வேளாண்மைக் கல்லூரியே இருக்கிறது. கல்லூரிக்கும் அக்காவின் பாத்திக்கும் நடுவில் நிற்பது அந்தத் தகரக் கூரை.

மழை வந்தது. பூசாத பாத்தியில் மூன்று இடங்களில் தட்டுத் தட்டாகச் சாய்ந்தது. பூசிய பாத்தியில் ஒரே இடம், தண்ணீர் வடியாத மூலை. மற்றவை நின்றன. இதை ஆராய்ச்சி என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு பாத்தி ஒரு மழையில் எதையும் நிரூபிக்காது. நாற்று தானே தாங்கிக்கொண்டதா, பாக்டீரியா மண்ணிலேயே பித்தியத்தை அடக்கிவிட்டதா என்றும் பாத்தியைப் பார்த்துச் சொல்ல இயலாது. இரண்டும் வேரருகிலேயே நடப்பதால் அலபாமாவின் அந்தப் பிரிவினை இங்கே கிடையாது. கோவைக்காரர்கள் நொதிகளை அளந்ததன் தேவை அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீர் தேங்கிய மூலையில் எதுவும் எதையும் காப்பாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வடிகால் இல்லாத பாத்திக்கு எந்தப் பாக்டீரியாவும் பதில் ஆகாது.

அக்கா இரண்டு பாத்திகளையும் பார்த்தார். "அந்தப் பாத்தி கொஞ்சம் பள்ளம் தம்பி, அதான்" என்றார். உண்மையில் இரண்டும் ஒரே மட்டம், கயிறு கட்டிப் போட்டவை. ஆனால் அவர் சொன்னதில் பிழை காண எனக்கு மனம் வரவில்லை. மருந்து ஊற்றினால் நோய் நிற்பது கண்ணுக்குத் தெரியும். நின்ற நாற்று எதனால் நின்றது என்பது யாருக்குத் தெரியும்? வராத நோயைப் பார்த்தவர் எவருமில்லை. கடைக்காரர் கடன் தருவதும், வேளாண் அலுவலர் வந்து பார்ப்பதும், பக்கத்து நிலத்துக்காரர் யோசனை சொல்வதும், எல்லாமே நாற்று சாய்ந்த பிறகுதான். தூண்டப்பட்ட எதிர்ப்புத் திறனோ சாய்வதற்கு முன்பு மட்டுமே கொடுக்க முடிந்த ஒன்று. சிறு விவசாயியின் கணக்கில் அந்த "முன்பு" என்ற காலத்துக்குப் பணமும் கிடையாது, ஆளும் கிடையாது. ஒரு பொட்டலத்தின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டைவிட அதிகமில்லை என்பதால் இது விலைப் பிரச்சினையும் இல்லை.

அடுத்த ஆண்டு அவர் கேட்காமலே நான் பொடி கொடுத்தேன், பூசினார். அதற்கடுத்த ஆண்டு நான் ஊரில் இல்லை, பூசவில்லை. அந்த ஆடியில் மழையும் இல்லை, நாற்று நன்றாகவே வந்தது. அவருடைய கணக்கு அவருக்குச் சரிதான்.

நாற்று பிழைத்தால் கதை முடிவதுமில்லை. நட்டு, பூத்து, காய் பழுக்கும்போது பழ அழுகல் வரும். சிவந்த பழத்தில் கறுப்பு வட்டங்கள், வட்டத்துக்குள் வட்டம். இந்தப் பூஞ்சையைக் கோயம்புத்தூரிலிருந்து கிடைத்த மிளகாயில் கண்டு 1913இல் சிடோவ் விவரித்தார். நம் மண்ணிலிருந்துதான் அது முதலில் ஏட்டில் ஏறியது. ஆடியில் விதைக்குப் பூசிய ஒரு சிட்டிகை தையில் பழுக்கும் பழம்வரை காவல் நிற்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது, இலையிலும் காயிலும் மீண்டும் தெளிக்க வேண்டும். அதைவிட முக்கியம், அந்தப் பூஞ்சை விதையோடும் பயணம் செய்யும். அக்காவுக்கு அதன் பெயர் தெரியாது. ஆனால் விதைக்கு எடுக்கும் நாளில் பழங்களைச் சாக்கில் கொட்டி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார். புள்ளி ஒன்று இருந்தாலும் விதைக்கு ஆகாது என்று அந்தண்டை எறிந்துவிடுவார். கைவிரல் எரியும், தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி உட்கார்வார். சென்ற தையில் அவர் ஒதுக்கிய குவியல் வைத்துக்கொண்டதைவிடப் பெரிதாக இருந்தது.